மெயினை அணைத்துப் பார்ப்போம்

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய மண்டப வரைபடத்தை இரண்டு ராத்திரி விரித்து வைத்துப் பார்த்தேன். மேடைக்கு மட்டும் நாற்பது விளக்கு. வெளியேறும் வழி காட்டும் பலகையோ ஒன்றே ஒன்று, அதுவும் முன்வாசலில். எல்லாரும் நுழைந்த வாசலுக்குப் பலகை எதற்குடா?

கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு மண்டபம் புதிது. ஏதாவது என்றால் வந்த வழியாகத்தான் ஓடுவார்கள். சமையல்கட்டை ஒட்டி இன்னொரு படி இறங்குவது சமையல்காரருக்குத்தான் தெரியும். 2004 ஜனவரி 23 உனக்கு நினைவிருக்கும். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டப மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்து ஐம்பது பேருக்கு மேல் போனார்கள், மாப்பிள்ளையும் போய்விட்டார். அன்று அம்மா சாப்பிடவே இல்லை. அதற்குப் பிறகு எந்த மண்டபத்துக்குப் போனாலும் இரண்டாவது வழியைப் பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருகிறேன்.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்பாய். அது எடுப்பதற்குள் இருட்டில் கூட்டம் நெரிந்துவிடும். 1997-இல் டெல்லி உபகார் தியேட்டரில் கரண்ட் போனபோது அவசர விளக்கு இல்லை. புகையும் இருட்டுமாக 59 உயிர் போயிற்று. பலகைக்குள்ளேயே பேட்டரி இருக்க வேண்டும். அவசர விளக்குகள் ஒன்றரை மணி நேரமாவது எரிய வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. வெளியேறும் கதவைச் சாவியில்லாமல் உள்ளிருந்தே திறக்க முடிய வேண்டும் என்பதும் அதில் உண்டு. பந்திக்கு வெளியாள் நுழைந்துவிடுவான் என்று பின்கதவைப் பூட்டிவிடாதே.

ஆங்கிலத்தில் 'எக்ஸிட்' மட்டும் எழுதினால் நம் சின்னப்பாட்டி என்ன செய்வாள்? பச்சைப் பலகையில் கதவை நோக்கி ஓடும் மனித உருவம், ஜப்பானில் யுகியோ ஓட்டா குழுவினர் வரைந்தது, படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அதையே போடு, கீழே தமிழிலும் எழுது. புகை மேலே ஏறிக் கூரையடியில் நிற்கும் என்பதால், கதவின் தலைக்கு மேல் ஒன்று போதாது. முழங்கால் உயரத்திலும் இருளில் ஒளிரும் பட்டை ஒட்டு. ஸ்டோர் ரூம் கதவில் 'வழி இல்லை' என்று கட்டாயம் எழுது. பதற்றத்தில் அதைத் திறந்து உள்ளே மாட்டிக்கொள்வார்கள்.

இன்னொன்று. அலங்காரக்காரர்கள் துணியும் பூவும் கட்டிப் பலகையை மறைத்துவிடுவார்கள். வாடகை ரசீதிலேயே அதைத் தடுத்து அச்சடித்துவிடு.

வெள்ளிக்கிழமை வருகிறேன். எலக்ட்ரீஷியனை ராத்திரி ஏழு மணிக்கு இருக்கச் சொல். மெயினை அணைத்துவிட்டு, அம்மாவை மேடையில் உட்கார வைத்து, யாரும் கைபிடிக்காமல் வெளியே வரச் சொல்லிப் பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா