கண்ணுக்குத் தெரியாத கதவு

முகம் பார்க்கும் கண்ணாடியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் தெரிகிறதே, அந்தக் கண்ணாடியைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை.

எங்கள் போடிநாயக்கனூரிலும் ஜவுளிக்கடை, நகைக்கடை, பேக்கரி என்று எங்கு பார்த்தாலும் கண்ணாடிக் கதவு வந்துவிட்டது. மேலே ஏலத்தோட்டங்களுக்கு நடுவே கட்டுகிற தங்கும் விடுதிகளில் மலையைப் பார்ப்பதற்கென்றே பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள்.

போன வருஷம் என் நாத்தனாரின் ஐந்து வயது மகன், தெருவில் போன ஜீப்பைப் பார்த்துவிட்டு ஒரு கடைக்குள்ளிருந்து ஓடினான். மூடியிருந்த கதவில் 'டங்'கென்று நெற்றி மோதி, கோலிக்குண்டு அளவு வீங்கிவிட்டது. "பிள்ளையைப் பிடிச்சுக்கக் கூடாதாம்மா?" என்றார் கடைக்காரர். "கதவு இருக்கிறது எனக்கே தெரியலியே அண்ணே!" என்றாள் நாத்தனார்.

நியாயமான பேச்சுதான். நம் கண் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. அதற்கு அப்பால் இருப்பதைத்தான் பார்க்கிறது. மகாபாரதத்தில் துரியோதனன்கூட மயன் கட்டிய சபையில் படிகக் கதவைத் திறந்த வாசல் என்று எண்ணித் தலையை முட்டிக்கொண்டானே!

கண்ணாடி காலுக்குக் கீழே இருந்தால் கதை தலைகீழ். எலினார் கிப்சன், ரிச்சர்ட் வாக் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த சோதனை ஒன்று 1960இல் வெளியானது. கெட்டியான கண்ணாடி போட்ட மேஜை. ஒரு பாதியில் கண்ணாடியை ஒட்டியே கட்டம் போட்ட விரிப்பு, மறு பாதியில் அதே விரிப்பு வெகு கீழே தரையில். தவழும் குழந்தைகள் 36 பேரை அதன் நடுவில் விட்டு, தாய்மார்களை இரண்டு பக்கமும் நின்று கூப்பிடச் சொன்னார்கள். மேடான பக்கம் 27 குழந்தைகள் போயின. பள்ளமாகத் தெரிந்த பக்கம் போனவை மூன்றே மூன்று! சில குழந்தைகள் கண்ணாடியைக் கையால் தட்டிப் பார்த்தும் நகரவில்லையாம். பெற்ற தாய் கூப்பிட்டும் கண் சொன்னதைத்தான் நம்பின.

பெரியவர்கள் மட்டும் என்ன? கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30இல் திறக்கப்பட்டது. அங்கே போனபோது என் மாமியார், "கடல் தெரியுதுடி, நான் ஓரமாவே வர்றேன்" என்று கம்பியை விடவே இல்லை.

தாங்குகிற தரைக்குப் பயப்படுகிறோம். இடிக்கிற கதவுக்குப் பயப்படுவதில்லை. ஆகவே கண்ணுக்கு ஓர் அடையாளம் கொடுப்பதே வழி.

வீட்டில் கண்ணாடிக் கதவு இருந்தால், குழந்தையின் கண் உயரத்தில் ஒன்றும் பெரியவர் கண் உயரத்தில் ஒன்றுமாக வண்ணப் பட்டை ஒட்டுங்கள். கோல ஸ்டிக்கரும் அழகாக இருக்கும். புதிதாகப் போடுவதானால் 'டஃபன்டு' கண்ணாடி கேளுங்கள். சாதாரணக் கண்ணாடி கத்தி போல உடையும். இது சிறு சிறு துண்டுகளாக உதிரும். பறவைகள் வந்து மோதும் ஜன்னலுக்கு ஒரே ஒரு ஸ்டிக்கர் போதாது. வெளிப்புறம் முழுக்க இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளிகள் வைக்க வேண்டும்.

குழந்தை மோதிக்கொண்டால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுங்கள். வாந்தி, அசாதாரணத் தூக்கம், மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் கொண்டு போய்விடுங்கள்.