அக்காவின் பயோடேட்டா

அரைப் பக்கந்தான். பத்தாவது ஃபெயில், நடுவில் ஆறு வருஷம் ஒன்றுமே இல்லை. 'இதை எப்படிங்க சிபாரிசு பண்றீங்க?' என்றார் தொண்டு நிறுவனப் பொறுப்பாளர். நாம் செய்தால்தான் அது சிபாரிசு. மத்தவங்க சொந்தக்காரப் பையனைக் கொண்டாந்து வச்சா அதுக்குப் பேர் தகுதி.

இரண்டு வருஷம் அக்காவோடு ஊர் ஊராக உண்மையறியப் போயிருக்கிறேன். ஒருமுறை ஸ்டேஷனில், 'விசாரிச்சுட்டுத்தான் எஃப்.ஐ.ஆர்.' என்றார் ஆய்வாளர். எம்.ஏ. படித்த நானும் பக்கத்தில்தான் நின்றேன். பேசியது அக்கா: '2018 திருத்தம் சார், 18ஏ. முதல்கட்ட விசாரணை வேணாம். நீங்க பதிவு பண்ணுங்க, டி.எஸ்.பி. வந்து விசாரிக்கட்டும்.' நகல் வாங்காமல் எந்த ஸ்டேஷன் படியும் அக்கா இறங்கியதில்லை. தீருதவியின் முதல் தவணைக்கு அந்தக் காகிதம் வேண்டும்.

அந்த ஆறு வருஷம், புருஷன் செத்தபின் செங்கல் சூளையில் முன்பணம் கழியக் கல் அறுத்த காலம். அதைப் பயோடேட்டாவில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதிக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் தெரியாது, அறிக்கை எழுத ஆள் வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. புதன்கிழமை நேர்காணலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா கேட்டது ஒன்றுதான்: 'பஸ் காசு குடுப்பாங்களா தம்பி?'