சமாதானமாகப் போன வழக்கு

ஒரு காணி வழக்கு சமாதானமாக முடிந்தால் ஊரில் எல்லாருக்கும் சந்தோசம். "கோட்டுக்கு அலையிறதை விட இது நல்லது" எண்டு சனம் சொல்லும். சொன்னபடி மற்றப் பக்கம் செய்யாவிட்டால் என்ன செய்யிறது எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லித் தருவதில்லை.

என்ர சின்னம்மாவின் வழக்கு அப்படித்தான். அவவின் வளவுக்குப் போகிற 10 அடி ஒழுங்கைக்குள் பக்கத்து வளவுக்காரர் 4 அடி தள்ளி வேலி போட்டிருந்தார். மாவட்ட நீதிமன்றத்தில் ஆறு வருடம் இழுபட்டு, கடைசியில் இணக்கத்துக்கு வந்தார்கள். நில அளவைப் படத்தில் உள்ள எல்லைக்கு மூன்று மாதத்துக்குள் அவர் வேலியைப் பின்னுக்கு எடுக்க வேண்டும். சின்னம்மா நட்டஈட்டையும் வழக்குச் செலவையும் விட வேண்டும். இரண்டு பேரும் வழக்கேட்டில் கையெழுத்து வைத்தார்கள்.

சின்னம்மா விடவேண்டியதை அன்றைக்கே விட்டுவிட்டா. வேலி அசையவில்லை. இரண்டு மழைக்குப் பிறகு கிளுவைக் கதியால்கள் நன்றாக வேர்விட்டுத் தளைத்துவிட்டன. ஓட்டோ ஒழுங்கை வாசலோடு நின்றுவிடும். முழங்கால் வருத்தத்தோடு அவ மிச்சத் தூரம் நடந்துதான் வருவா.

"திரும்பக் கோட்டில கேளுங்கோவன் சின்னம்மா."

"கேட்டால், முடிஞ்ச வழக்கை நான்தான் கிளறுறன் எண்டு சொல்லுவினம்."

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். வாக்கை மீறினவர் நிம்மதியாக இருக்கிறார். அதை நிறைவேற்றச் சொல்லிக் கேட்கிறவர் சண்டைக்காரி ஆகிறா.

சட்டம் இதை அப்படிப் பார்க்கவில்லை. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவின்படி, வழக்காளிகள் செய்த சட்டபூர்வமான இணக்கத்தை நீதிமன்றத்துக்கு முறைப்படி அறிவித்தால், அதன்படியே நீதிமன்றம் தீர்ப்பாணை வழங்கும். அந்த விடயத்தில் அதுவே இறுதியானது. அதற்குப் பிறகு அது இரண்டு அயலவரின் பேச்சு இல்லை, நீதிமன்றத்தின் கட்டளை. புதுசாக வழக்குப் போட்டு, ஒழுங்கை யாருடையது எண்டு முதலில் இருந்து நிரூபிக்கத் தேவையில்லை. அதே வழக்கில் நிறைவேற்று எழுத்தாணை கேட்டு விண்ணப்பிக்கலாம்.

ஆனால் நீதிமன்றம் தானாக வந்து வேலியைப் பார்க்காது. நாங்கள்தான் கேட்க வேண்டும். அதற்கும் காலக்கெடு உண்டு. 337ஆம் பிரிவின்படி பொதுவாக 10 வருடம் கடந்தால் எழுத்தாணை எடுக்க முடியாது. "பாப்பம், பாப்பம்" எண்டு இருப்பது மற்றப் பக்கத்துக்குத்தான் லாபம்.

சின்னம்மா நாலாவது வருடம் விண்ணப்பித்தா. அவவின் சட்டத்தரணி முதலில் வழக்கேட்டைத்தான் எடுத்துப் பார்த்தார். வரைபட இலக்கம், அடிக்கணக்கு, தவணை மூன்றும் அதில் தெளிவாக இருந்தன. "பாதையைச் சுமுகமாகப் பாவிப்பது" எண்டு மட்டும் எழுதியிருந்தால், பிஸ்கல் வந்தாலும் எந்தக் கதியாலைப் பிடுங்குவது எண்டு அவருக்குத் தெரிந்திருக்காது. எழுத்தாணை வந்தது தெரிந்தவுடன், பிஸ்கல் வர முதலே அயலவர் ஆள் பிடித்து வேலியைப் பின்னுக்கு எடுத்தார். இப்ப அவர் சின்னம்மாவோடு கதைப்பதில்லை. அவவுக்கு அது கவலைதான். ஆனாலும் ஓட்டோ முற்றம் வரைக்கும் வருகுது.

உங்கட வீட்டிலும் யாராவது இணக்கத்துக்குக் கையெழுத்து வைக்கப் போனால் கூடப் போங்கோ. யார், எதை, எந்தத் திகதிக்குள், செய்யாவிட்டால் என்ன எண்டு நாலும் எழுத்தில் இருக்கிறதா பாருங்கோ. அதன்படி தீர்ப்பாணை பதியச் சொல்லிக் கேளுங்கோ. காசுத் தீர்வு என்றால், வெளியில் கைக்குக் கை கொடுத்ததையும் நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். தவணை முடிந்த அடுத்த கிழமையே சட்டத்தரணியிடம் போங்கோ. சனம் கதைக்கும்தான். கதைக்கிற சனம் அந்த ஒழுங்கையால் நடக்கிறதில்லை.