கஜானாவுக்கு இரண்டு சாவி

டிரஷரியில் வேலை பார்த்தவர்களுக்கு ‘டபுள் லாக்’ என்றால் உடனே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரொக்கமும் முத்திரைத்தாளும் வைக்கும் காப்பறைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அதிகாரியிடம், மற்றொன்று ஷராப்பிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். அதிகாரி யோக்கியர் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் இரண்டு சாவியும் ஒரே கையில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அமெரிக்க அரசியல் சட்டம் எனக்குப் புரிந்தது இந்தப் பூட்டை வைத்துத்தான்.

2018 டிசம்பரில் நானும் மனைவியும் வர்ஜீனியாவில் மகள் வீட்டில் இருந்தோம். அவள் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அப்போது மொத்தம் 100 கேள்விகள். நேர்காணலில் 10 வரை கேட்பார்கள். 6 சரியாகச் சொன்னால் தேர்ச்சி. இரவுச் சாப்பாடு முடிந்ததும் கேள்வி கேட்பது என் பொறுப்பு.

“அரசின் ஒரு பிரிவு மட்டும் அளவுக்கு மீறி பலம் பெறாமல் தடுப்பது எது?” என்று ஒரு கேள்வி. அதிகாரப் பிரிவினையும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் ஏற்பாடும்தான் பதில். நம் நாட்டில் மக்களவையில் பெரும்பான்மை உள்ளவர் பிரதமராகிறார். அங்கே ஜனாதிபதியும் அவருடைய அமைச்சர்களும் காங்கிரஸ் உறுப்பினர்களாக இருக்க முடியாது. சட்டம் இயற்றுவது 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையும் 100 பேர் கொண்ட செனட்டும். ஜனாதிபதி அதைத் தடுக்கலாம். இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் அந்தத் தடையும் செல்லாது. நீதிபதியை நியமிப்பது ஜனாதிபதி, ஒப்புதல் தருவது செனட். நியமித்த பிறகு அவரை ஜனாதிபதியால் நீக்க முடியாது.

1974 ஜூலையில் நிக்ஸன் தன் ஒலிநாடாக்களை ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பளித்த எட்டு நீதிபதிகளில் மூவர் அவரே நியமித்தவர்கள். ஆகஸ்ட் 9 அன்று அவர் பதவி விலகினார்.

இதெல்லாம் புத்தகத்தில் நன்றாக இருந்தது. டிசம்பர் 22 அன்று அமெரிக்க அரசின் ஒரு பகுதியே முடங்கியது. எல்லைச் சுவருக்கு ஜனாதிபதி டிரம்ப் பணம் கேட்டார், காங்கிரஸ் தரவில்லை, செலவுச் சட்டம் நிறைவேறவில்லை. சட்டம் ஒப்புதல் தராமல் கஜானாவிலிருந்து பணம் எடுக்கக்கூடாது என்பது அங்கே அரசியல் சட்ட விதி. சுமார் எட்டு லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சம்பளம் இல்லாமலே வேலைக்கும் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் மத்திய அரசு ஊழியர்தான். ஜனவரி 11 அன்று வரவேண்டிய சம்பளம் அவருக்கு வரவில்லை.

மாதக் கடைசியில் ஊழியர் கையில் சம்பளம் இருக்க வேண்டும் என்று இரவு பத்து மணி வரை பில் பாஸ் செய்தவன் நான். எனக்குப் பொறுக்கவில்லை. “சம்பளம் கொடுக்க முடியாத கவர்ன்மென்டை நம்பியா இந்திய பாஸ்போர்ட்டை விடப் போறே?” என்று கேட்டுவிட்டேன். நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அந்த வருத்தமும் அந்தக் கேள்வியில் இருந்தது.

அவள் கோபப்படவில்லை. “அப்பா, உங்க ஷராப் சாவி தரமாட்டேன்னா அதிகாரி என்ன செய்வார்? கதவை உடைப்பாரா?” என்றாள். நான் பேசாமல் இருந்தேன்.

முடக்கம் 35 நாள் நீடித்தது. ஊழியர்களுக்கு நிலுவைச் சம்பளம் பிறகு வந்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. பிப்ரவரி 15 அன்று டிரம்ப் அவசரநிலை அறிவித்து, வேறு நிதியைச் சுவருக்குத் திருப்பினார். இரு சபைகளும் அதை ரத்து செய்யத் தீர்மானம் போட்டன. அவர் அதைத் தடுத்தார். மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை, தடை நின்றது. பூட்டு நல்ல பூட்டுதான். சாவி வைத்திருப்பவர் கை தளர்ந்தால் பூட்டு என்ன செய்யும்? இது எந்த நாட்டு கஜானாவுக்கும் பொருந்தும்.

குடியுரிமை அலுவலகம் விண்ணப்பக் கட்டணத்தில் நடப்பதால் முடக்கத்திலும் திறந்திருந்தது. மகளின் நேர்காணல் ஜனவரியிலேயே நடந்தது. முதல் ஆறும் சரியாகச் சொன்னதால் ஏழாவது கேள்வியே வரவில்லை. பிறகு உறுதிமொழி எடுத்தாள், இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாள். அன்று தொலைபேசியில், “வருத்தமாப்பா?” என்றாள். “இருக்கும்மா. ஆனா அங்கே ஓட்டுப் போடற வாய்ப்பை மட்டும் விட்டுடாதே” என்றேன். இதுவரை விடவில்லை.

உங்கள் பிள்ளைகளும் இந்தத் தேர்வுக்குப் படிப்பவர்களாக இருக்கலாம். 2025 அக்டோபரிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகள். 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேளுங்கள். நமக்கும் பொழுது போகும், கொஞ்சம் விஷயமும் தெரியும்.