எங்கட ஊர் ரீம்

விம்பிள்டன் என்றதும் எல்லோருக்கும் ரெனிஸ்தான் ஞாபகம் வரும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. எங்களுக்கு விம்பிள்டன் என்றால் முதலில் எஃப்ரா ரோட்டில் இருக்கிற பிள்ளையார் கோவில். அடுத்தது, அந்தக் கோவிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய பிளௌ லேன் பந்தடி மைதானம். ரெனிஸ் நடக்கிற இடத்துக்கு நான் இன்றுவரை உள்ளே போனதில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, மகளைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு, மிச்சத்தில் சித்தப்பாவையும் ஏற்றிக்கொண்டு கோவிலடிக்குப் போனேன். பூசை முடிந்ததும் காரை அங்கேயே விட்டுவிட்டு மைதானத்துக்கு நடப்பதாகத் திட்டம். சித்தப்பாவுக்கு இப்போது முழங்கால் சரியில்லை. ஆனாலும் "பஸ் வேண்டாம், நடப்பம்" என்றார். கையில் மரக்கறி ரோல்ஸ் பை. பந்தடி பார்க்கப் போகும்போது ரோல்ஸ் கொண்டுபோகிற ஆள் இங்கிலாந்தில் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

மகளுக்குப் பதினொரு வயது. "அப்பா சின்ன வயசிலிருந்தே விம்பிள்டன்" என்று கேட்டு வளர்ந்தவள். அதைச் சொன்னது நான்தான். அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஹேடன்ஸ் ரோட் வழியாக வடக்கே நடந்து, ரயில் நிலையத்தைத் தாண்டினால் பிளௌ லேன் சந்தி வரும். சந்தி மூலையில் இப்போது அடுக்குமாடி வீடுகள். பழைய மைதானம் இருந்த இடம் அதுதான். அந்தக் குடியிருப்புக்கு எடி ரெனல்ட்ஸ் என்ற பழைய ஆட்டக்காரரின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1963 இல் அமெச்சூர் கோப்பை இறுதியில் விம்பிள்டனுக்காக நான்கு கோல் அடித்தவர், நான்கும் தலையால். சித்தப்பா அந்த இடத்தில் நின்றார். மூச்சு வாங்கவா, நினைத்துப் பார்க்கவா என்று தெரியவில்லை.

சித்தப்பா லண்டனுக்கு வந்தது 1987 புரட்டாசியில். எங்கள் வீடு அப்போது ரூட்டிங்கில். மூன்று அறையில் இரண்டு குடும்பம், அதோடு வந்துபோகிற பெடியள். சித்தப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. பகல் முழுக்க நடப்பார். பஸ் காசை மிச்சம் பிடிக்கிறாராம். அப்படி நடந்து கண்டுபிடித்ததுதான் பிளௌ லேன். உள்ளே போகக் காசு இல்லை. போட்டி நடக்கிற நாட்களில் மதிலுக்கு வெளியே நின்று, சனத்தின் சத்தத்தை வைத்தே கோலா, மயிரிழையில் தப்பியதா என்று சொல்லுவாராம். ஊரில், மயிலிட்டியில், அவர் கோலி. கோலிக்குக் காது முக்கியம் என்பார்.

அவர் வந்த அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியது. அப்பம்மாவின் கடிதம் வருவது நின்றுவிட்டது. வீட்டில் பெரியவர்கள் தணிந்த குரலில் கதைத்தார்கள். எனக்கு ஒன்பது வயது. இந்த நாட்டில் பிறந்த பிள்ளை. என் கவலை எல்லாம் லிவர்பூல்.

ஆமாம், லிவர்பூல். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் லிவர்பூல்தான். அந்தப் பருவத்தில் நாற்பது லீக் ஆட்டங்களில் இரண்டே இரண்டில்தான் தோற்றார்கள். அதோடு ஜோன் பார்ன்ஸ் இருந்தார். ஜமெய்க்காவில் பிறந்த கறுப்பர், அந்த வருடம்தான் லிவர்பூலுக்கு வந்தவர். இடப்பக்க ஓரத்தில் பந்தைக் கொண்டு போகும்போது எதிரே நிற்பவர்கள் வழி தவறியவர்கள் மாதிரி நிற்பார்கள். எங்கள் தெருவில் என்னை நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்ட பையன்களே பார்ன்சின் படத்தை அறையில் ஒட்டியிருந்தார்கள். அது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

விம்பிள்டனை யாருக்கும் பிடிக்காது. 1977 இல்தான் லீக்குக்குள்ளேயே வந்த ரீம். 1986 இல் முதல் பிரிவுக்கு ஏறிவிட்டார்கள். பந்தை வானத்துக்கு அடித்துவிட்டு அதன் பின்னால் ஓடுவார்கள், ஆளையும் சேர்த்து உதைப்பார்கள் என்று பெயர். பத்திரிகைகள் வைத்த பட்டம் 'கிரேசி காங்'. அவர்களின் மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டும், பள்ளிக்கூடத்தில் அந்த ரீம் எனக்குத் தெரிந்ததாகக்கூட நான் காட்டிக்கொண்டதில்லை.

1988 மே 14, சனிக்கிழமை. நல்ல வெயில். காலையில் தமிழ்ப் பள்ளி, சொல்வதெழுதல். உங்களில் பலருக்கும் அந்தச் சனிக்கிழமைகள் ஞாபகம் இருக்கும், இப்போது அதையே நம் பிள்ளைகளுக்கும் செய்துகொண்டிருக்கிறோம். மத்தியானம் ஓடிவந்து ரீவிக்கு முன்னால் இருந்துவிட்டேன். எஃப்.ஏ. கோப்பை இறுதி. வெம்ப்ளியில் 98,203 பேர். அப்பா பெற்றோல் ஸ்ரேசனில் வேலை. வீட்டில் நானும் சித்தப்பாவும், குசினியில் அம்மாவும்.

"உனக்கு எது ரீம்?" என்று கேட்டார்.

"லிவர்பூல்."

"ஏன்? எங்கட ஊர் ரீம் எல்லோ விளையாடுது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எங்கட ஊர் என்றால் மயிலிட்டி என்றுதான் அந்த வீட்டில் அர்த்தம். இவர் வந்து எட்டு மாதம், இங்கிலிஷில் தட்டுத்தடுமாறுகிறவர், விம்பிள்டனை எங்கட ஊர் என்கிறார். இங்கே பிறந்த எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. பார்ன்ஸைப் பற்றிச் சொன்னேன். "அவன் கெட்டிக்காரன்தான்" என்றார். "இங்கையும் ஒருத்தன் நிக்கிறான், வடிவாப் பார்." ஜோன் ஃபஷானுவைக் காட்டினார்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பியர்ட்ஸ்லி பந்தைக் கோலுக்குள் அனுப்பினார். நான் கத்தினேன். ஆனால் அதற்கு முன்பே, பியர்ட்ஸ்லியை விழுத்தப் பார்த்ததற்காக நடுவர் விசில் ஊதிவிட்டார். தவறு செய்தவனுக்கே லாபமாகிவிட்டது. இதை நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுத்த சில நிமிடங்களில், 37 ஆவது நிமிடத்தில், டெனிஸ் வைஸ் இடப்பக்கத்திலிருந்து ஃப்ரீ கிக் அடிக்க, லோரி சாஞ்செஸ் தலையால் தட்டினார். 1-0. சித்தப்பா குதிக்கவில்லை. தொடையில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

இரண்டாம் பாதியில் லிவர்பூலுக்குப் பெனால்ரி. அடிக்க வந்தவர் ஜோன் ஓல்ட்ரிஜ். அந்தப் பருவம் முழுக்க ஒரு பெனால்ரியையும் தவறவிடாதவர். ஓடிவரும்போது இடையில் ஒரு சின்ன நிறுத்தம் வைப்பார். கோலி அவசரப்பட்டு ஒரு பக்கம் சாய்ந்தால், மற்றப் பக்கம் அடிப்பார். நான் சமநிலை வந்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன். சித்தப்பா ரீவிக்குக் கிட்டப் போய்க் குந்தியிருந்தார்.

"நிண்டு பாக்கிறான். அவசரப்படேல்லை" என்றார், தனக்குள் சொல்வது மாதிரி.

டேவ் பீசன்ற் கடைசிவரை நின்றார். பிறகு தன் இடப்பக்கம் முழு நீளத்துக்கும் பாய்ந்து பந்தைக் கம்பத்துக்கு வெளியே தட்டிவிட்டார். வெம்ப்ளி எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஒரு பெனால்ரி தடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. சித்தப்பா எழும்பி நின்று, சத்தமே இல்லாமல், இரண்டு கையையும் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்கு நன்றாக ஞாபகம். கோலை விட அதுதான் ஞாபகம்.

முடிவு 1-0. கோலியாக இருந்துகொண்டே அணித்தலைவராக வெம்ப்ளியில் அந்தக் கோப்பையை வாங்கிய முதல் ஆள் பீசன்ற். இளவரசி டயானா கையால் வாங்கினார். அதை நான் பார்க்கவில்லை. மாடிப்படியில் இருந்து அழுதுகொண்டிருந்தேன். அம்மா வந்து, "விளையாட்டுக்கு ஆரும் அழுவினமோ? ஊரில நடக்கிறதுக்கு அழுறவே நேரம் இல்லை" என்று பேசிவிட்டுப் போனார். சித்தப்பா தேத்தண்ணியோடு வந்து ஒரு படி கீழே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கேட்டார், இங்கே யார் விம்பிள்டன் ரசிகர் என்று. கை தூக்கினேன். அன்றைக்கு நிறையக் கைகள் எழும்பின என்பதையும் சொல்லவேண்டும். அன்று தொடங்கிய பொய் மெல்ல மெல்ல உண்மையாகிவிட்டது. அடுத்த பருவம் சித்தப்பாவுக்கு வேலை அனுமதி கிடைத்தது, முதல் சம்பளத்தில் என்னைப் பிளௌ லேனுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே அதிக காலம் போகக் கிடைக்கவில்லை. 1991 இல் கழகம் பிளௌ லேனை விட்டு, வேறொரு அணியின் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க்கில் வாடகைக்குப் போய்விட்டது. பிறகு 2002 மே மாதம், அணியை மில்ரன் கீன்சுக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்தார்கள். ஐம்பது மைலுக்கும் அதிகமான தூரம். பழைய மைதானத்தை இடித்ததும் அதே வருடம். அந்தச் செய்தியைத் தொலைபேசியில் நான் சொன்னபோது சித்தப்பா, "அப்ப ரீமையே இடம்பெயர்த்துப் போட்டாங்கள்" என்றார். அந்தச் சொல்லை அவர் சும்மா பாவிக்கிறவர் இல்லை. 1990 ஆனியில் மயிலிட்டிச் சனம் முழுக்க எழும்பிப் போனது. அப்பம்மா அதற்குப் பிறகு தன் வீட்டைப் பார்க்காமலே போய்விட்டார்.

ஆனால் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. அதே வருடம் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று தாங்களே ஒரு கழகத்தைத் தொடங்கினார்கள். ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்ய விம்பிள்டன் கொமனில், திறந்த புல்வெளியில், வருகிறவர்கள் வரலாம் என்று அறிவித்தார்கள். சித்தப்பாவுக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது. போய்ப் பார்க்கட்டோ என்று கேட்டார். பகிடிதான், என்றாலும் முழுப் பகிடி இல்லை. கீழ்மட்டத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி 2011 இல் லீக்குக்குத் திரும்பி வந்தார்கள், ஒன்பதே வருடத்தில். 2020 நவம்பரில் பிளௌ லேனிலேயே புது மைதானம், பழைய இடத்திலிருந்து சில நூறு யார் தள்ளி, முன்பு நாய் ஓட்டப் பந்தயம் நடந்த காணியில். கொரோனா காலம் என்பதால் முதல் ஆட்டத்துக்குப் பார்வையாளர் இல்லை. மயிலிட்டியில் துறைமுகப் பக்கத்தின் ஒரு பகுதி 2017 ஆடியில் விடப்பட்டது. அடுத்த வருடம் சித்தப்பா போய் வந்தார். பந்தடித்த வெளி எது என்று பிடிபடவில்லையாம். எல்லாம் பற்றை.

புது மைதானம் பெரிது இல்லை, ஒன்பதாயிரம் பேர் கொள்ளும். பிள்ளைகளோடு போக நல்ல இடம். எங்கிருந்தாலும் புல் கிட்டத் தெரியும், ஆட்டக்காரர் திட்டுவதும் கேட்கும் (அது உங்கள் விருப்பம்). நாங்கள் கோலுக்குப் பின்னால் இருந்தோம். முதல் பாதியில் ஒன்றுமே நடக்கவில்லை. இடைவேளையில் ரோல்ஸ் பை திறந்தது.

"சின்னத் தாத்தா, அந்த ஃபைனலில அப்பா எப்பிடிக் குதிச்சவர்?" என்று மகள் கேட்டாள்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அவர் யாருக்கும் சொல்லாத விஷயம். இன்றைக்கும் சொல்லமாட்டார் என்று தெரிந்தது. ரோல்ஸை மென்றுகொண்டு, "நல்லாத்தான்..." என்று இழுத்தார்.

"நான் குதிக்கேல்லை" என்றேன். "அழுதனான். நான் லிவர்பூல்."

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "அப்ப எப்ப மாறினீங்கள்?"

"திங்கட்கிழமை."

"வெண்ட பிறகா?"

"வெண்ட பிறகு."

அவள் சிரித்த சிரிப்பில் முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இதை வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லப் போவதாகச் சொன்னாள். சொல்லியும்விட்டாள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அவன் சின்னப்பிள்ளை, ஒன்பது வயசு" என்று எனக்காகக் கதைத்தார், நான் இன்னும் அந்தப் படியில் இருக்கிற மாதிரி.

இரண்டாம் பாதிக்கு எங்கள் கோலி நாங்கள் இருந்த பக்கம் வந்தார். இளம் பையன். இரண்டு கம்பத்தையும் காலால் ஒருதரம் தட்டிவிட்டு, கையுறையை இறுக்கினார். சித்தப்பா ரோல்ஸ் பையை என் மடியில் வைத்துவிட்டு, கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றார்.