பலகைக் கணினியும் மற்போரும்

மக்கட்கு உணவும் உறக்கமும் போல விளையாட்டும் இன்றியமையாததென்பர் அறிந்தோர். விளையாட்டுக்களுள் இருவர் நேர்நின்று வலிகாட்டும் மற்போர் மிகப் பழைமை வாய்ந்தது. சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வென்றமையைச் சாத்தந்தையார் பாடிய புறநானூற்றுப் பாட்டால் அறிகின்றோம். அம்மற்போர் இந்நாளிற் கண்ணாடித் திரையினுட் புகுந்து, யாம் கைப்பையிற் கொண்டு செல்லும் டாப்லெட் என்னும் பலகைக் கணினியிலும் நிகழ்கின்றது. ஆடிக் கண்டவாற்றால் அதனைக் குறித்துச் சில கூறப் புகுகின்றோம்.

1991-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுக் கேப்காம் நிறுவனத்தார் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் பைட்டர் 2’ இவ்வகை ஆட்டங்கட்கு வரம்பு வகுத்ததெனலாம். அன்று அது காசு இட்டு ஆடும் பெரும்பெட்டியாய்ப் பொதுக்கூடங்களில் நின்றது. முன்பின் அறியாத இருவர் தோளொடு தோள் சேர நின்று பொருவர், வென்றோன் நிற்பான், தோற்றோன் அடுத்தவனுக்கு இடம் விடுவான். பின்னர் ஆட்டம் வீடுகளிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டிக்குக் குடிபெயர்ந்தது. 2013 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் ‘சர்பேஸ் ப்ரோ’ என்னும் பலகையை விற்பனைக்குக் கொணர்ந்தனர். 10.6 அங்குலத் திரையும், பின்புறத்தே மடக்கி விரிக்கும் முட்டுக்காலும், முழுக் கணினியின் ஆற்றலும் அதற்கு அமைந்திருந்தன. ஆதலின், 2009-இல் மேசைக் கணினிக்கென வந்த ‘ஸ்ட்ரீட் பைட்டர் 4’ முதலியன அதிலும் ஆடற்குரியவாயின. பொதுக்கூடத்துப் பெரும்பெட்டி ஒரு புத்தகத்தின் அளவிற்குச் சுருங்கியது.

இவ்வாட்டத்தின் நுட்பம் காலத்தின்கண் உள்ளது. திரையில் ஒரு நொடிக்கு 60 படங்கள் மாறுகின்றன. ஒவ்வொன்றும் நிற்பது ஏறத்தாழ 16.7 மில்லி நொடியே. விரைந்த குத்துக்கள் மூன்று நான்கு படங்களுக்குள் எதிரியைத் தீண்டிவிடும். 2004-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் நிகழ்ந்த ‘எவோ’ போட்டியில், ஜப்பானியராகிய டைகோ உமேஹாரா தம் வீரனுக்கு எஞ்சிய உயிர் ஓர் இழையளவேயாக, அமெரிக்கராகிய ஜஸ்டின் வாங் தொடுத்த 15 அடிகளையும் ஒன்றும் தவறாது தடுத்து வென்றார். ஓரடி தவறியிருப்பினும் அவர் வீரன் வீழ்ந்திருப்பான்.

இத்தகைய ஆட்டத்திற்குப் பலகைக் கணினி முற்றும் இணங்குவதன்று. கண்ணாடியின்மேல் வரைந்த பொத்தானுக்கு விளிம்பில்லை. விரல் அதனைத் தடவி அறிய இயலாது. கட்டைவிரல்களோ காணவேண்டிய களத்தையே மறைக்கும். கீழிருந்து முன்னோக்கிக் கால்வட்டம் சுழற்றிக் குத்தினால் ரியூ என்னும் வீரன் கையினின்றும் ஒளியுருண்டை பாயவேண்டும். தொடுதிரையில் அச்சுழற்சி பாதி வழியிற் பிறழ்ந்து வெறுங்குத்தாய் முடியும். இதற்குத் தனிக் கன்ட்ரோலரே மருந்து. சர்பேஸ் ப்ரோவில் யு.எஸ்.பி. வாய் ஒன்றே இருத்தலின், இருவர் கம்பியிட்டு ஆட ஹப் ஒன்றும் வேண்டும். வெப்பம் மற்றொரு பகை. சூடு மிகுங்காற் கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் விரைவைக் குறைத்துக்கொள்ளும். வீரரும் நீருள் நடப்பார்போலத் தளர்வர். படத்தின் நுணுக்கங்களைக் குறைத்து, விசிறிக்கு நேரே வைத்து ஆடுதல் யாம் கண்ட வழி.

இத்துணை இடர்ப்பட்டும் இதனைக் கொண்டு திரிவதேன் என்று வினவுவார்க்கு ஒன்று கூறுவோம். எம் விடுதி நண்பர் இருவர் மாணவர் தேர்தலொன்றில் எதிரெதிர் நின்றமையான் மனம் வேறுபட்டுப் பல திங்கள் பேசாதிருந்தனர். ஒரே ஆலயத்தில் வழிபட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கிலர். ஒரு சனிக்கிழமை மாலை எம் அறையில் ஆட்டம் நிகழ்ந்துழி, தோற்றவர் எழ, முறைப்படி அவ்விருவரே அடுத்தடுத்து அமர நேர்ந்தது. திரையோ சிறிது, தோள் உராயாது இருவர் அதனைக் காண்டல் அரிது. முதலிரண்டு சுற்றும் மௌனமாகவே கழிந்தன. மூன்றாஞ் சுற்றின் இறுதியில் இரு வீரரும் ஒருங்கே குத்தி ஒருங்கே வீழ்ந்தனர். இருவரும் தம்மை மறந்து நகைத்தனர். “இன்னொன்று ஆடுவோமா?” என்றார் ஒருவர். பல திங்களின் பின் அவர்தம்முள் எழுந்த முதற்சொல் அதுவே. தேர்தலைப்பற்றி அவர்கள் பின்னும் பேசினாரல்லர். ஆயின் அன்றிரவு ஒரே பலகையில் அமர்ந்து உண்டனர்.

வன்மையைக் காட்டும் ஆட்டம் கிறிஸ்தவ மாணாக்கர்க்குத் தகுமோ என்று பெரியோர் ஐயுறுதல் இயல்பே. தனியறையிற் கதவடைத்துக் கணினியையே எதிரியாக்கி நள்ளிரவுவரை ஆடுவாரை நோக்கின், அவ்வையம் வலியுறும். வெறுங்காற்றை அடிப்பவனைப்போலத் தாம் போர் செய்வதில்லையெனப் பவுலடியார் கொரிந்தியர்க்கு எழுதினார். தனித்தாடுவார் செய்வது அதுவன்றோ? எதிரே ஓர் ஆள் இருந்தவழி, அவன் எண்ணுவது யாதென ஆய்தலும், அவன் திறம் கண்டு வியத்தலும், தோற்று எழுந்து இடம் விடுதலும் பயிலப்படுகின்றன. அன்றியும், இவ்வாட்டத்திற் பலகையின் மின்கலம் விரைவில் ஒடுங்கிவிடும். அதனை அளவறிந்து நிறுத்தும் மணியோசையாகக் கொள்ளின் பாடமும் கெடாது.

ஆகலின், மாணவ நண்பர்களே, இப்பலகையைக் கையிற் கொண்டு செல்வீராயின், கன்ட்ரோலர் இரண்டு உடன்கொண்டு செல்மின். இரண்டாவதனை, நும்மோடு பேசாதிருப்பவன் கையிற் கொடுமின்.