தலைகீழ் மரத்தில் ஒரு யாத்திரை

இவ்வாண்டு மலருக்கு ஏதேனும் ஒன்று எழுதித் தருக என்று இதழாசிரியர் பணித்தபோது யான் சிறிது திகைத்தேன். நம் மலரில் எழுதுவோர் பெரும்பாலும் தாம் கண்ட மலையையும் அருவியையும் பற்றி எழுதுவர். யானோ விடுமுறைகளில் வீட்டைவிட்டு அதிகம் அகன்றவனல்லன். ஆயினும் நெடுந்தூரம் அலைந்த பயணம் ஒன்று எனக்கும் உண்டு. அஃது ஒரு கணினியின் வட்டினுள்ளே, சி மொழியில் யானே எழுதிய சிறு நிரலின் கால்களால் நடந்த பயணம். அதில் யான் வழி தவறிய இடங்களையும், பிறர் பொருளை இழக்கவிருந்த இடத்தையும் கூறுவதே இக்கட்டுரை. கணினித் துறை சாராத அன்பர்களும் இதனைப் படிப்பர் ஆதலின், இன்றியமையாத இடங்களில் மட்டும் நுட்பம் பேசுவேன்.

அப்பொழுது யான் இக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணாக்கன். விடுதியில் என் அறைக்கு அடுத்த அறையில் தமிழ் முதுகலை பயின்றுவந்த அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் ஊர் ஊராய்ச் சென்று, முதிய பெண்டிர் பாடும் ஒப்பாரிப் பாடல்களைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து திரட்டி வந்தார். பதிவுகள் மொத்தம் 214. அவற்றைத் தம் பழைய கணினியில் ஊர்வாரியாகவும், பாடியவர்வாரியாகவும் அடைவுகளில் அடுக்கி வைத்திருந்தார். தமிழ் மாணாக்கர் ஆதலின், பெயர்கள் யாவும் தமிழிலேயே, சுருக்கமின்றி, தலைப்புப் போல நீண்டிருந்தன. ஒரு நாள் அக்கணினியின் வட்டு கரகரவென்று ஒலி செய்யத் தொடங்கிற்று. அவர் என்னிடம் வந்து, “தம்பி, இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தர உன்னால் ஆகுமா?” என்று கேட்டார்.

ஆகும் என்று உடனே சொல்லிவிட்டேன். அவ்வேலைக்கென்றே ‘டார்’ என்னும் கருவி 1979ஆம் ஆண்டு வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்தே இருந்துவருகின்றது. அந்தக் கணினியிலும் இருந்தது. ஒரு வரிக் கட்டளையில் முடிந்திருக்க வேண்டிய காரியம் அது. ஆனால் யான் அப்பொழுதுதான் சி மொழியில் சுட்டிகளைப் பற்றிப் படித்து முடித்திருந்தேன். நீச்சல் கற்ற மூன்றாம் நாளே ஆற்றைக் கடக்க விரும்பும் சிறுவனைப் போல, அக்கருவி செய்வதை யானே செய்துவிடுவேன் என்று எழுந்தேன்.

அடைவு என்பது யாது என்பதை முதலில் கூறிவிடுகின்றேன். கோப்புகளின் பெயர்களையும், ஒவ்வொரு பெயரும் வட்டில் எப்பொருளைக் குறிக்கின்றது என்பதற்கான எண்ணையும் தாங்கிய பட்டியலே அடைவு. அவ்வெண்ணை ‘ஐநோடு’ எண் என்பர். ஒரு பட்டியலினுள் வேறு பட்டியல்களின் பெயர்களும் இருக்கலாம். அவற்றினுள் இன்னும் பல. இவ்வாறு கிளைத்துச் செல்வதனை மரம் என்று வழங்குகின்றனர். வேர் மேலே நிற்க, கிளைகள் கீழ்நோக்கிச் செல்லும் மரம் இது. மேல் வேரும் கீழ்க் கிளையுமாய் நிற்கும் அரசமரம் ஒன்றைப் பகவத்கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்திலும் காணலாம். ஆனால் அங்கே அம்மரத்தை வெட்டிவிடச் சொல்லியிருக்கின்றது, இங்கே நடக்க வேண்டியிருக்கின்றது.

நடக்கும் முறை எளிது. ‘ஓப்பன்டிர்’ என்னும் செயற்கூறு பட்டியலைத் திறக்கும், ‘ரீட்டிர்’ ஒவ்வொரு தடவை அழைக்கும்போதும் ஒரு பெயரைத் தரும், ‘குளோஸ்டிர்’ மூடும். கிடைத்த பெயர் கோப்பாயின் அதை மூட்டையில் இடுக. அடைவாயின் அதே செயற்கூறு தன்னைத்தானே மீண்டும் அழைத்து அதனுள் புகுக. ஊரிலுள்ள வீடுகளை எண்ணப் போன ஒருவன், சந்து ஒன்றைக் கண்டால் அதனுள் நுழைந்து, அதன் கடைசி வீட்டையும் எண்ணிவிட்டு, நுழைந்த முனைக்கே திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வது போன்றது இது. திரும்பும் முனையை நினைவிற் கொள்ளும் வேலையைச் சி மொழியே பார்த்துக்கொள்ளும். முப்பது வரிகளில் எழுதி முடித்தேன்.

முதல் ஓட்டத்தில் நிரல் ஓர் அடி கூட முன்னே செல்லவில்லை. ஒவ்வோர் அடைவிலும் இரண்டு பெயர்கள் எப்பொழுதும் உண்டு: ஒற்றைப் புள்ளி அவ்வடைவையே குறிக்கும், இரட்டைப் புள்ளி அதன் மேலடைவைக் குறிக்கும். ஒற்றைப் புள்ளியைக் கண்டதும் என் நிரல், இதுவும் ஓர் அடைவன்றோ என்று அதனுள் புகுந்தது; புகுந்த இடம் நின்ற இடமே; அங்கும் ஒற்றைப் புள்ளி நின்றது. ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட தடவை தன் வீட்டு வாயிலில் தானே நுழைந்தபின், திறந்த கோப்புகள் மிகுந்துவிட்டன என்று இயங்குதளம் அதனை நிறுத்திற்று. ஒரு நிரல் ஒரே சமயத்தில் திறந்து வைக்கத்தக்கவை 1024 என்று அங்கே வரம்பு இருந்தது. ஒவ்வொரு நுழைவிலும் ஒரு பட்டியல் மூடப்படாமலே கிடந்தது. அவ்விரு பெயர்களையும் விலக்கும் ஒரு வரியைச் சேர்த்தேன்.

இரண்டாம் இடர் அண்ணன் வைத்தது. தொலைவிலுள்ள அடைவு ஒன்றிலிருந்து மேலே எளிதாய் வருவதற்காக, ‘எல்லாம்’ என்ற பெயரில் தலைமை அடைவுக்கு ஒரு குறியிணைப்பை அவர் அமைத்திருந்தார். குறியிணைப்பு என்பது வேறோர் இடத்தின் முகவரியை மட்டும் தாங்கிய சிறு கோப்பு. யான் ஒவ்வொரு பெயரின் இயல்பையும் ‘ஸ்டாட்’ என்னும் அழைப்பால் கேட்டுக்கொண்டிருந்தேன். அஃது இணைப்பைப் பற்றிக் கேட்டால் இணைப்பு சுட்டும் பொருளைப் பற்றி விடை கூறும். ஆதலின் என் நிரல் ‘எல்லாம்’ என்பதனுள் புகுந்து, தலைமை அடைவை அடைந்து, மீண்டும் இறங்கி, மீண்டும் ‘எல்லாம்’ என்பதனுள் புகுந்தது. லினக்ஸ் ஒரே பாதையில் நாற்பது குறியிணைப்புகளுக்கு மேல் பின்தொடராது. அதனால் அச்சுழல் ஒருவாறு நின்றது. ‘எல்ஸ்டாட்’ என்னும் மற்றோர் அழைப்பு இணைப்பை இணைப்பாகவே காட்டும் என்பதை அன்றிரவுதான் கையேட்டில் படித்தேன். ஓரெழுத்து வேறுபாடு, அரை நாள் போயிற்று.

மூன்றாவது சொல்வதற்கு நாணமாக இருக்கின்றது. மூட்டைக் கோப்பை, மூட்டை கட்டப்படும் அடைவினுள்ளேயே அமைத்திருந்தேன். நிரல் நடந்துவருகையில் தன் மூட்டையையே கண்டு, அதையும் எடுத்து அதே மூட்டையில் இட முற்பட்டது. இட இட அது வளர்ந்தது. வளர வளர இடவேண்டியதும் மிகுந்தது. வட்டு நிரம்பியபோது நின்றது. இப்பிழையைத் தவிர்க்க, கோப்பின் ஐநோடு எண்ணும் அது தங்கும் சாதனத்தின் எண்ணும் மூட்டையினுடையவற்றோடு ஒத்தால் விட்டுவிடல் வேண்டும். பெயரை ஒப்பிடுதல் போதாது. ஒரே பொருளுக்குப் பல பெயர் இருத்தல் கூடும்.

இத்தனையும் திருத்தியபின் நிரல் ஓடிற்று. மூட்டையின் வடிவத்தை மட்டும் ‘டார்’ வடிவமாகவே வைத்துக்கொண்டேன். பிற கணினிகளில் அவிழ்க்க எளிது என்பதனால். அவ்வடிவத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னே 512 பைட்டு அளவுள்ள தலைப்பு ஒன்று உண்டு. பெயர், உரிமை, அளவு, நேரம் முதலியன அதில் எழுதப்படும். எண்கள் எட்டின் அடிமானத்தில், எழுத்துருவாகவே நிற்கும். பின்னர்க் கோப்பின் உள்ளடக்கம். அதுவும் 512இன் மடங்காக நிரப்பப்படும். முடிவில் வெறுமையான இரு கட்டங்கள். காந்த நாடாவுக்காக வகுத்த இவ்வமைப்பு, நாடா பெரிதும் வழக்கொழிந்த பின்னும் நிலைத்திருப்பது அதன் எளிமையாலேயே என்பது என் எண்ணம்.

என் மூட்டையை உண்மையான ‘டார்’ கருவி பட்டியலிட்டுக் காட்டிற்று; குறை ஒன்றும் கூறவில்லை. யான் அப்பட்டியலைப் படிக்கவில்லை. வரிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன். அது சரியாக இருந்தது. அண்ணன் மூட்டையை ஒரு விரலியில் எடுத்துக்கொண்டார். யான் சொன்ன சொல்லை நம்பி, பழைய கணினியைத் துடைத்துக் கடையில் விற்றுவிட்டார். கைப்பேசியிலிருந்தவை முன்னரே அழிக்கப்பட்டிருந்தன. தம் பேராசிரியரின் கணினியில் மூட்டையை அவிழ்த்து, விரலியை வேறு வேலைக்குத் துடைத்தபின், ஒருநாள் மாலை வந்து என் அறை வாயிலில் நின்றார். “தம்பி, நூற்று அறுபத்து மூன்றுதான் இருக்கின்றது” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருப்பின் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

நிகழ்ந்தது இது. ‘டார்’ தலைப்பில் பெயருக்கு ஒதுக்கிய இடம் 100 பைட்டு. 1988ஆம் ஆண்டுப் போசிக்ஸ் நெறி, பாதையின் முற்பகுதிக்கென மேலும் 155 பைட்டுகளை ஒதுக்கியது. அதனை யான் படித்தும், பிறகு பார்ப்போம் என்று விட்டிருந்தேன். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழுக்கு யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ‘ஒப்பாரி’ என்பது கண்ணுக்கு நான்கெழுத்து. கணினிக்கோ புள்ளியும் துணைக்காலும் மேல்விலங்கும் தனித்தனிக் குறிகள். ஆக ஏழு குறி, 21 பைட்டு. இத்தகைய சொற்கள் நான்கு வந்தாலே இடம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். என் நிரல் 100 பைட்டு மட்டும் நகலெடுத்து எஞ்சியதை வெட்டிவிட்டது. ஊரும் பாடியவர் பெயரும் தங்கின. ‘கணவனுக்குப் பாடியது, முதற்பகுதி’ என்பதும் ‘இரண்டாம் பகுதி’ என்பதும் போயின. வெட்டுண்டபின் பல கோப்புகளுக்கு ஒரே பெயர். அவிழ்க்கும்போது பின்னது முன்னதை, ஓர் எச்சரிக்கையுமின்றி, அழித்து அமர்ந்தது.

இங்கே ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அடைவின் ஒவ்வோர் உறுப்பும் 16 பைட்டு. எண்ணுக்கு இரண்டு, பெயருக்குப் பதினான்கு. 255 பைட்டு வரை நீளும் பெயர்களும், மேற்சொன்ன ‘ஓப்பன்டிர்’ முதலிய அழைப்புகளும் 1983ஆம் ஆண்டின் பெர்க்லி 4.2 பதிப்பில் வந்தன. யூடிஎஃப்-8 முறையைக் கென் தாம்ப்ஸனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்தனர். ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கு அம்முறையில் 15 பைட்டுகள் வேண்டும். அந்தப் பழைய அடைவில் இட்டால், ஒரு பைட்டுக் குறைவால் ழகரத்தின் புள்ளி முழுமை பெறாது. யூனிக்ஸைப் படைத்தவர்களுள் ஒருவரும் அதே தாம்ப்ஸன் என்பதை எண்ணும்போது எனக்குச் சிறிது சிரிப்பு வரும். அன்று வரவில்லை.

மூன்று நாள் அண்ணன் முகத்தைப் பாராமல் வேறு வழியாகச் சாப்பாட்டுக் கூடத்துக்குச் சென்றேன். நான்காம் நாள் விடியற்காலையில், படுக்கையிலேயே, ஒன்று புலப்பட்டது. பெயர்களன்றோ வெட்டுண்டன? உள்ளடக்கம் வெட்டுண்ணவில்லையே! அழிந்தது அவிழ்க்கும்போதேயன்றிக் கட்டும்போதன்று. மூட்டை இருந்தால் 214ம் அதனுள் ஒன்றன்பின் ஒன்றாய் இருக்கும். மூட்டையின் படி ஒன்று என் கணினியில் கிடந்தது. முன்யோசனையால் அன்று, அழிக்கச் சோம்பியதனால்.

மூட்டையைத் திறந்து, 512 பைட்டு படித்து, அளவை எட்டின் அடிமானத்திலிருந்து மாற்றி, அவ்வளவு பைட்டுகளைப் பெயருக்கு மாறாக வரிசை எண்ணிட்ட கோப்பில் எழுதி, நிரப்பியதைத் தாண்டி, அடுத்த தலைப்புக்குச் செல்லும் நிரலை எழுதினேன். நாற்பது வரி. எண்ணிப் பார்த்தேன்: 214. அடுத்த அறைக் கதவைத் தட்டியபோது மணி ஐந்து இருக்கும். அண்ணன் எழுந்து வந்து, கேட்டு, ஒன்றும் சொல்லாமல் என் கட்டிலில் அமர்ந்துவிட்டார்.

ஆயினும் முடியவில்லை. எது எந்தப் பகுதி என்று அறிவது எங்ஙனம்? ‘ரீட்டிர்’ பெயர்களை அகரவரிசையில் தருவதில்லை. கோப்பமைப்புக்கு உகந்த வரிசையில் தரும். தலைப்பிலுள்ள நேரத்தைக் கொண்டு அறியலாம் எனின், அவ்விடத்தில் கோப்பு மாறிய நேரத்தை எழுதாமல் மூட்டை கட்டிய நேரத்தை எழுதியிருந்தேன். ஒலிக்கோப்புகளோ நாளையும் நேரத்தையும் தம்முள் தாங்காத எளிய வகையின. ஆகவே கேட்டறிவதொன்றே வழி. இருவரும் இரவுதோறும் கேட்டோம். பெரும்பாலானவற்றை அண்ணன் தம் குறிப்பேட்டின் துணையால் வரிசைப்படுத்திவிட்டார். ஒரு மூதாட்டி பாடிய ஆறு பதிவுகள் மட்டும் எஞ்சின. குறிப்பேட்டில் அப்பக்கம் மழையில் நனைந்திருந்தது. அவ்வம்மையாரைக் கேட்கலாமென்றால், அவர் முந்திய மாதமே காலமாகிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பேருந்தேறி அவ்வூருக்குச் சென்றோம். அவருடைய மகள் எங்களைத் திண்ணையில் அமர்த்தி, கைப்பேசியைக் காதருகே வைத்துக்கொண்டார். முதலாவதைப் பாதி கேட்டதும் எழுந்து உள்ளே போய், சிறிது நேரம் கழித்து முகம் கழுவி வந்தார். பின்பு ஒவ்வொன்றாய், “இது அப்பாவுக்கு அழுதது. இதற்கு முன்னே ஒன்று இருக்குமே, அதுதான் தொடக்கம். இது மாமனுக்கு,” என்று கூற, அண்ணன் எழுதிக்கொண்டார். ஐந்து முடிந்தன. ஆறாவது மிகக் குறுகியது: இருமல் ஒலி, இரண்டே அடி, பின்பு யாரோ தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும் ஒலி. அதை மும்முறை கேட்டுவிட்டு, “இது முன்னேயா பின்னேயா தெரியவில்லை, தம்பி. ஆனால் தண்ணீர் கேட்பது நான்தான்” என்றார்.

ஊர் திரும்பியதும், கோப்புகளுக்கு எண்களைப் பெயராக இட்டு, முழுப்பெயர்களைத் தனியே ஒரு பட்டியலில் எழுதி உடன்வைத்து, உண்மையான ‘டார்’ கருவியாலேயே கட்டினோம். வேறிடத்தில் அவிழ்த்து ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்ட பின்னரே அண்ணன் படுக்கச் சென்றார். அப்பட்டியலில் ஆறாவது பதிவுக்கு நேரே ‘வரிசை அறியாதது’ என்று அவர் கையால் தட்டச்சிட்டது இன்றும் அவ்வாறே இருக்கின்றது.